காந்தட் கிழங்கும் வாதரத்த மருத்துவமும்

முன்னுரை

குறிஞ்சி நில மலர்களுள் தலைமை சான்றது காந்தள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மகளிர் கொய்து குவித்த மலர்களின் நீண்ட வரிசையில் முதற்கண் எண்ணப்பெறுவது அதுவே. முருகன் சூடும் கண்ணியாகத் திருமுருகாற்றுப்படை அதனைக் காட்டும். மகளிர் மெல்விரலுக்கு உவமையாகப் புலவர் பலர் அதனை எடுத்தாண்டனர். இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் அதுவே.

இம்மலரைத் தாங்கும் கொடியின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு அமைந்துள்ளது. கால் பெருவிரல் மூட்டில் நள்ளிரவில் திடீரென எழுந்து, போர்வையின் பாரத்தையும் பொறுக்கவொட்டாமல் வருத்தும் ஒரு நோய்க்கு மேலைநாட்டார் பன்னூறாண்டுகளாகக் கையாண்ட மருந்தின் சாரமும் இப்பொருளேயாகும். அந்நோயை ஆங்கில மருத்துவர் கவுட் என்பர். குருதியில் யூரிக் அமிலம் மிகுவதனால் வருவது அது. நம் நாட்டு மருத்துவ நூல்கள் வாதரத்தம் என்றும் வாதசோணிதம் என்றும் விரித்துரைக்கும் நோய் இதனோடு பெரிதும் ஒத்தது.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு முடிவு எளிதில் தோன்றும். காந்தளைப் போற்றிய பண்டைத் தமிழர் அதன் கிழங்கை இந்நோய்க்கு மருந்தாகவும் அறிந்திருந்தனர் என்பதே அம்முடிவு. கேட்பதற்கு இனியதாயினும் அது சான்றால் நிறுவப்பட்டதா என ஆராய்வது நம் கடமை. இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியும் அன்று. காந்தட் கிழங்கு கொடிய நஞ்சு. முன்னோர் உண்ட மருந்து என்னும் ஒரு சொல்லை நம்பி அதனை உட்கொள்பவன் உயிரிழத்தல் கூடும். ஆகவே இலக்கியம், மருத்துவ நூல், செடியியல், வேதியியல் ஆகிய நான்கு துறைகளும் தரும் சான்றுகளைத் தனித்தனியே நிறுத்தி, ஒவ்வொன்றும் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1. நோயின் பெயர்கள்

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயர் அந்நோயை அவர்கள் நோக்கிய முறையைக் காட்டும். கிரேக்கர் இதனைப் பொடாக்ரா என்றனர்; பாதத்தைப் பற்றுவது என்பது அதன் பொருள். இஃது இடத்தாற் பெற்ற பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் கவுட் என்னும் சொல் துளி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கெட்ட நீர் துளித்துளியாக மூட்டில் இறங்குகிறது என்னும் பழைய கொள்கையால் அப்பெயர் எழுந்தது. வாதரத்தம் என்பதோ காரணத்தாற் பெற்ற பெயர். வளியும் குருதியும் ஒருங்கே கெட்டு, ஒன்றன் வழியை மற்றொன்று அடைத்தலால் நோய் பிறக்கிறது என்பது ஆயுர்வேத நூலார் கொள்கை. குருதியைக் குறிக்கும் சோணிதம் என்னும் வடசொல் சித்த மருத்துவ நூல்களில் சுரோணிதம் என வழங்கும். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை வகுத்துரைக்குமிடத்து வாதசுரோணிதம் என்னும் வகையினைப் பல பிரிவுகளாகக் கூறுகிறது.

சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 29ஆம் இயல் இந்நோய்க்கே உரியது. அந்நூல் இதற்குக் கூறும் வேறு பெயர்களுள் ஆட்யவாதம் என்பது ஒன்று. ஆட்யர் என்பார் செல்வர். எனவே செல்வர்க்கு வரும் வாதம் என்பது அதன் பொருள். ஐரோப்பியரும் இதனை அரசர் நோய் என வழங்கினர். ஒருவரை ஒருவர் அறியாத இரு மருத்துவ மரபுகள் நோயுற்றோரின் வாழ்க்கை நிலையைக் கொண்டே பெயரிட்டமை நோக்கத்தக்கது. உப்பும் புளிப்பும் மிக்க உணவு, நீர்வாழ் விலங்குகளின் ஊன், கொள்ளு, உழுந்து, கள் முதலியவற்றை மிகுதியாகக் கொள்ளுதலும், பகலுறக்கமும், உடலுழைப்பு இன்மையும் இந்நோய்க்குக் காரணங்களாகச் சரகம் கூறும். ஊனும் கள்ளும் யூரிக் அமிலத்தை மிகுவிப்பன என்பது இக்கால மருத்துவத்திற்கும் உடன்பாடே. பயறு வகைகளைப் பற்றி இன்றைய கருத்து அத்துணைக் கடுமையானதன்று.

எனினும் வாதரத்தமும் கவுட் நோயும் எல்லா வகையிலும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்தாது. தோலின் நிறமாற்றம், அரிப்பு, கொப்புளம் முதலிய குறிகளும் வாதரத்தத்துள் அடங்கும். அது மேலோட்டமாய் நிற்பது, ஆழச் செல்வது என இருவகைப்படும் எனச் சரகம் கூற, அவை இரு வேறு வகைகள் அல்ல, ஒரே நோயின் முன்னிலையும் பின்னிலையுமே எனச் சுசுருதம் மறுக்கிறது. இம்மறுப்பு, பண்டை நூலார் நோயாளியை நேரிற் கண்டு ஆராய்ந்தவர் என்பதனைக் காட்டும். பேச்சு வழக்கிலோ கீழ்வாயு, சூலை, முடக்குவாதம் என்னும் சொற்கள் பல மூட்டு நோய்களையும் வேறுபாடின்றிச் சுட்டும். ஒரு மூலிகை சூலையைப் போக்கும் என ஓர் ஏடு கூறுமாயின், அது யூரிக் அமில நோயையே குறித்ததென உடனே துணிதல் கூடாது. இவ்வாராய்ச்சிக்கு இது முதல் எச்சரிக்கை.

2. வாதரத்தத்திற்குரிய மருந்துகள்

வாதரத்தத்திற்கு நம் நாட்டு மருத்துவ நூல்கள் தலைமை தந்த மூலிகை எது என வினவின், சீந்தில் என்பதே விடையாகும். வடமொழியார் இதனைக் குடூசி என்றும் அமிர்தா என்றும் வழங்குவர். வெட்டி எறிந்த தண்டும் வேர் ஊன்றித் தழைக்கும் இயல்பினது ஆதலின் சாவாமருந்தின் பெயர் இதற்குப் பொருந்துவதே. சாறாகவும் குடிநீராகவும் நெய்யாகவும் இக்கொடி இந்நோய்க்குக் கூறப்படுகிறது. சாரங்கதர சங்கிதையில் வரும் கைசோர குக்குலு, சீந்திலையும் திரிபலையையும் குக்குலுவொடு சேர்த்து ஆக்குவது. வாதரத்தத்திற்கு இன்றளவும் வழங்கி வருவது. தண்டின் மாவுப்பொருளை நீரிற் படியவைத்து எடுக்கும் சீந்தில் சர்க்கரை சித்த மருத்துவர் நன்கறிந்தது.

அடுத்து எண்ணத்தக்கது நீர்முள்ளி. அட்டாங்க இருதயம் இயற்றிய வாகபடர், இதன் குடிநீரைப் பருகி இதன் கீரையையே உணவாகவும் கொள்ளுமாறு வாதசோணித மருத்துவத்தில் விதிக்கிறார். அதன் ஆற்றலை விளக்க, இடையறாத அருட்பயிற்சி சினத்தை அடக்குவதனை அவர் உவமையாக்குகிறார். மருந்து ஒரு நாளிற் பயன் தருவதன்று, நெடுநாட் பழக்கத்தால் தருவது என்னும் கருத்து அவ்வுவமையுள் அடங்கியிருத்தல் காண்க. சிறுநீரைப் பெருக்கும் மூலிகையாகச் சித்த மருத்துவமும் நீர்முள்ளியைப் போற்றும். யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுவதாகலின், இத்தெரிவு ஆராயத்தக்கது. ஆயினும் வாகபடர் அவ்வமிலத்தை அறிந்து இதனைத் தெரிந்தார் என்றல் பொருந்தாது. அவர் அறிந்தது நோயாளியிடம் கண்ட பயனே.

தமிழ் மக்களிடையே பெருவழக்காயுள்ள மற்றொன்று முடக்கற்றான். முடக்கினை அறுப்பது என்னும் பொருளில் அமைந்த இப்பெயரே அதன் பயனைக் கூறிவிடுகிறது. தோசை மாவிலும் இரசத்திலும் சேர்த்துண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் முடக்கு என்பது மூட்டு நோய்கள் பலவற்றிற்கும் பொதுப்பெயர். எனவே இதனை யூரிக் அமில நோய்க்கே உரியதாகக் கூறுதற்குப் பெயரளவிற் சான்று இல்லை.

இம்மூன்றும் நஞ்சல்லாத, உணவோடு ஒட்டிய மூலிகைகள். உணவைத் திருத்துதலும் நெடுநாள் மருந்துண்ணுதலுமே மருத்துவ முறையாக விதிக்கப்பட்டன. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் அளவறிந்து உண்டலையே மருத்துவத்தின் முதலாக வைத்ததும் இம்முறையோடு ஒத்ததாகும்.

3. இலக்கியத்திற் காந்தள்

இனிக் காந்தளை நோக்குவோம். குறிஞ்சிப்பாட்டு காந்தள், தோன்றி, கோடல் என மூன்றனையும் தனித்தனியே எண்ணுகிறது. உரையாசிரியர்கள் தோன்றியைச் செங்காந்தள் என்றும் கோடலை வெண்காந்தள் என்றும் கொண்டனர். இவற்றுள் தோன்றி என்னும் பெயர்க்கு மொழியியற் சான்று ஒன்று உண்டு. மலையாள நாட்டில் இக்கொடிக்கு இன்றும் வழங்கும் பெயர் மேந்தோன்னி என்பது. 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் வெளிவந்த ஓர்ட்டசு மலபாரிக்கசு என்னும் பெருநூலில், ஒல்லாந்து ஆளுநராயிருந்த வான் ரீடு என்பார் இக்கொடியை அப்பெயராலேயே படத்துடன் குறித்துள்ளார். 1753இல் இலின்னேயசு இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்னும் பெயரிட்டார். எனவே பழந்தமிழ்த் தோன்றி இக்கொடியே என்பது வலிமை பெறுகிறது.

அங்ஙனமாயின் காந்தள் வேறு எண்ணப்பட்டது எற்றுக்கு எனின், அதற்கு மலரின் இயல்பே விடை தரக்கூடும். இம்மலர் அவிழும்போது பசுமை கலந்த மஞ்சள் நிறத்தது. நாள் செல்லச்செல்ல நுனியிலிருந்து செம்மை பரவி, இறுதியில் முழுதும் குருதி நிறம் பெறும். ஒரு கொடியிலேயே பல நிறத்துப் பூக்களை ஒருங்கு காணலாம். நிலத்தாலும் நிறத்தாலும் பெயர் வேறுபட்டிருத்தல் கூடும் என்பது நம் கருத்து. இதனைத் துணிபாக அன்றிக் கருத்தாகவே கூறுகின்றோம்.

இலக்கியத்திற் காந்தள் வரும் இடங்கள் யாவை? தொல்காப்பியம் புறத்திணையியலில் வெறியாட்டொடு சார்த்தி அதனைக் கூறும். குறுந்தொகையின் முதற்பாட்டில், தலைவன் தந்த கையுறையைத் தோழி மறுக்குமிடத்து, முருகனது மலையிற் செங்காந்தள் நிறைந்துள்ளமை சொல்லப்படுகிறது. வழிபாடு, காதல், உவமை, நிலவருணனை ஆகிய இந்நான்கனுள் காந்தள் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் அடங்கும். கிழங்கினை மருந்தாக உண்டமைக்கோ மூட்டு நோய்க்கு இட்டமைக்கோ அவை சான்று தருவன அல்ல.

திருமுருகாற்றுப்படையில் வண்டு மொய்யாத மலராகக் காந்தள் கூறப்படுதலை எடுத்துக்காட்டி, அதன் நஞ்சுத் தன்மையைப் பண்டையோர் அறிந்தமைக்கு அதுவே சான்று என வாதிடுதல் கூடும். ஆனால் காந்தள் முகையை நாடி வண்டு வரும் காட்சி குறுந்தொகையிலேயே உண்டு. ஒரு காலத்து இலக்கியத்தில் இரு கூற்றும் பயிலுதலின், முன்னதனைக் கடவுட்கு உரிய மலரின் தூய்மை குறித்த அடையாகக் கொள்வதே நேரிது. மேலும் நஞ்சு உள்ளது கிழங்கிலும் விதையிலும் எனினும், மலரை வண்டு அணுகாமை அதனாற் பெறப்படாது. இலக்கியச் சொல்லொன்றை வேதியியற் கூற்றாக மாற்றிப் படித்தல் இலக்கியத்திற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே தீங்கு பயக்கும்.

4. மருத்துவ நூல்களிற் காந்தள்

மருத்துவ வழக்கில் இக்கொடி வேறு பெயர்கள் பெறுகிறது. கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்பன அவை. கலப்பையைப் போல இரு கிளையாக வளைந்து கிடத்தலின் முதற்பெயர் எழுந்தது. வடமொழியில் இலாங்கலி என்னும் பெயரும் இலாங்கலம் என்னும் கலப்பையின் பெயரடியாகப் பிறந்ததே. தமிழில் நாஞ்சில் எனவும் வடமொழியில் இலாங்கலம் எனவும் வழங்கும் சொற்களின் உறவினை மொழியியலார் ஆராய்ந்துள்ளனர். கார்த்திகைத் திங்களிற் பூத்தலின் கார்த்திகைப்பூ என ஈழத்தும் தமிழகத்தும் வழங்கும். புலவர் மலரால் அறிந்த செடியை மருத்துவர் கிழங்கால் அறிந்தனர் என்பதனை இப்பெயர் வேறுபாடு தெளிவுறக் காட்டுகிறது.

வடமொழி நூலார் இலாங்கலியை உபவிடங்களுள், அஃதாவது துணை நஞ்சுகளுள், ஒன்றாக வைத்தனர். கருவை வீழ்த்துவது எனப் பொருள்படும் பெயரும் அதற்கு உண்டு. மகப்பேற்றினை விரைவுபடுத்த உடலின் புறத்தே பூசுதல், நச்சுக்கடிக்கும் தோல் நோய்க்கும் மேலே இடுதல் ஆகியன அதன் பயன்களாகப் பெரிதும் கூறப்பட்டன. உள்மருந்தாகக் கொள்ளுமுன் அதனைச் சுத்தி செய்தல் வேண்டும் என்பது விதி. அரிந்த கிழங்கை உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்திச் சில நாள் இவ்வாறு செய்தல் ஒரு முறை; ஆன்நீரில் ஊறவைத்தல் மற்றொரு முறை. இச்சுத்தி விதிகள் நம் முன்னோர் இதனை நஞ்சென்றே அறிந்து அஞ்சிக் கையாண்டனர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

இவ்விடத்து நம் கருத்துக்கு மாறான ஒரு சான்றினையும் மறையாது கூறுதல் வேண்டும். பிற்கால இரசநூல் மரபில், இலாங்கலியை இரும்புச் செந்தூரம் முதலியவற்றொடு சேர்த்து ஆக்கும் இலாங்கல்யாதி லோகம் என்னும் மருந்து வாதரத்த இயலில் இடம்பெறுகிறது. ஆதலின் இக்கிழங்கிற்கும் இந்நோய்க்கும் இந்திய மருத்துவத்தில் தொடர்பே இல்லை என்றல் பிழை. ஆனால் அது பிற்காலத்தது. பல சரக்குகளுள் ஒன்றாகச் சுத்தி செய்து சேர்த்தது. சீந்திலுக்குரிய தலைமை அதற்கு அளிக்கப்படவில்லை. மருத்துவர் ஒருவர் பட்டறிவாற் கண்ட பயன் ஒரு கூட்டு மருந்துள் நிலைபெற்றது என்பது வரை கூறலாம். அதற்கு மேற் கூறல் ஆகாது.

5. மேலைநாட்டு நெறி

கோல்ச்சிசினுக்கு அப்பெயர் தந்தது காந்தள் அன்று. கோல்ச்சிக்கம் என்னும் மேலைநாட்டுச் செடியாகும். கருங்கடலின் கீழ்க்கரையிலிருந்த கோல்ச்சிசு நாட்டின் பெயரால் அச்செடி பெயர் பெற்றது. கி. பி. முதல் நூற்றாண்டினரான தயோசுகோரிதீசு அதனைக் கொல்லும் நஞ்சு என்றே எச்சரித்தார். ஆறாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள திரால்லசு என்னும் ஊரினரான அலெக்சாந்தர் என்னும் மருத்துவர், எர்மோதாக்டில் என்னும் கிழங்கைக் கவுட் நோய்க்கு விதித்தார். அது கோல்ச்சிக்கம் இனத்தைச் சேர்ந்தது எனப் பெரும்பாலோர் கருதுவர். அரபு மருத்துவர் அதனைச் சூரிஞ்சான் என வழங்கிப் போற்றினர். யூனானி மருத்துவத்தின் வழி அம்மருந்து இந்தியாவிற்கும் வந்தது. காசுமீரப் பகுதியில் விளையும் கோல்ச்சிக்கம் வகையொன்று அதற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. எனவே இவ்வினத்துக் கிழங்கை இந்நோய்க்குத் தனிச்சிறப்புடைய மருந்தாகக் கொள்ளும் நெறி, நம் நாட்டில் யூனானி மருத்துவர்க்கு உரியதாகும்.

எர்மோதாக்டில் என்னும் சொற்கு எர்மீசு என்னும் தெய்வத்தின் விரல் என்பது பொருள். அங்கே கிழங்கு விரலாயிற்று. இங்கே மலர் விரலாயிற்று. இவ்வொற்றுமை வியப்புத் தருவதாயினும், ஒரு மரபு மற்றொன்றிலிருந்து பெற்றது என்பதற்குச் சான்றாகாது. வடிவத்தைக் கண்டு விரல் என்றல் மக்கள் மனத்திற்கு இயல்பே.

ஐரோப்பாவில் இம்மருந்தின் பிற்கால வரலாறு ஏற்றத்தாழ்வு மிக்கது. தாமே இந்நோயால் வருந்திய சிடன்காம் என்னும் ஆங்கில மருத்துவர் 1683இல் வெளியிட்ட நூலில் நோய்க் குறிகளை விரிவாக எழுதினார். ஆனால் கடும் பேதி மருந்துகளை விலக்கினார். 1763இல் வியன்னாவில் வான் இசுடோர்க்கு கோல்ச்சிக்கத்தை ஆராய்ந்து எழுதினார். பிரெஞ்சுப் படை அலுவலரான உசோன் என்பார் மருந்து நீர் ஒன்றைக் கூட்டுமுறை வெளியிடாது விற்றுப் புகழ்பெற்றார். அதன் உட்பொருள் கோல்ச்சிக்கமே என 1814இல் சான் வாண்டு என்பார் வெளிப்படுத்தினார். 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் இருவர் அச்செடியின் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். 1833இல் கைகர் அதனை ஆராய்ந்து கோல்ச்சிசின் எனப் பெயரிட்டார்.

6. வேதியியல் இணைத்த இரு நெறிகள்

நோயின் காரணம் பற்றிய அறிவும் உடன் வளர்ந்தது. சுவீடன் நாட்டு வேதியியலார் சீலே 1776இல் நீர்ப்பைக் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டார். 1797இல் வோலாசுட்டன், கவுட் நோயாளியின் மூட்டருகே திரண்ட கட்டியில் அவ்வமிலத்தின் உப்பு இருத்தலைக் காட்டினார். 1848இல் கேரட்டு என்னும் மருத்துவர் நோயாளியின் குருதியில் அது மிகுந்திருத்தலை நிறுவினார். 1961இல் மெக்கார்ட்டி, ஆலந்தர் என்னும் இருவர் மூட்டு நீரில் யூரேட்டுப் படிகங்களை நுண்ணோக்கியாற் கண்டனர். ஊசி போன்ற அப்படிகங்களை வெள்ளணுக்கள் சூழ்ந்து தாக்குவதே வீக்கத்திற்கும் நோவிற்கும் காரணம் என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையே 1915இல் கிளூவர், கிரீன், தட்டின் என்னும் மூவர் குளோரியோசா சூப்பர்பாவின் கிழங்கை ஆராய்ந்து, அதனுள்ளும் கோல்ச்சிசின் உண்டு என வெளியிட்டனர். அல்லிக் குடும்பத்துள் ஒரு காலத்து அடக்கப்பட்டிருந்த காந்தளும் கோல்ச்சிக்கமும் இன்று கோல்ச்சிக்கேசியே என்னும் ஒரே குடும்பத்துள் வைக்கப்படுகின்றன. தென்னாட்டு மலைச்சரிவிற் பூத்ததும் கருங்கடற் கரையிற் பூத்ததும் உறவுடைய செடிகள் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. இரு நெறிகளும் தெளிவுறச் சந்தித்த இடம் இதுவே.

ஈண்டு ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். கோல்ச்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதன்று. உயிரணுக்களினுள் அமைந்த நுண்குழல்களின் ஆக்கத்தைத் தடுத்து வெள்ளணுக்களின் இயக்கத்தை அடக்குதலால், எழுந்த நோவினைத் தணிப்பது அது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வேறு. எலியன், இட்சிங்சு என்போரின் ஆராய்ச்சியால் உருவாகி 1966இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அல்லோபியூரினால் அவற்றுள் ஒன்று. எனவே காந்தளை யூரிக் அமிலத்தைப் போக்கும் மூலிகை என்று எழுதுவோர், வரலாற்றிலும் பிழைத்து வேதியியலிலும் பிழைக்கின்றனர்.

7. மருந்தும் நஞ்சும்

கோல்ச்சிசினில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. 2010இல் வெளியான ஆய்வொன்று, திடீரென எழும் கவுட் நோவிற்கு மொத்தம் 1.8 மில்லிகிராமே, 4.8 மில்லிகிராம் தரும் அளவு பயன் தரும் என்றும், அதனால் வரும் வயிற்றுப்போக்கு முதலிய தீங்குகள் குறையும் என்றும் காட்டியது. உலர்ந்த காந்தட் கிழங்கில் கோல்ச்சிசின் 0.1 விழுக்காடே உள்ளதெனக் குறைத்துக் கொண்டாலும், 10 கிராம் கிழங்கில் 10 மில்லிகிராம் இருக்கும். அஃது அவ்வாய்வின் மருந்தளவைப் போல ஐந்து மடங்கிற்கும் மேற்பட்டது. அன்றியும் நிலம், பருவம், கிழங்கின் முதிர்ச்சி ஆகியவற்றிற்கு ஏற்ப அவ்வளவு மாறும். கண்ணால் அளந்து உண்ணத்தக்க பொருள் அன்று அது.

வள்ளி முதலிய உண்ணும் கிழங்கு எனப் பிறழக் கருதி இதனை உண்டு மாண்டோரின் செய்திகள் தமிழகத்தும் இலங்கையிலும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. இலங்கையில் இதனை உண்டு பிழைத்த ஒருவர்க்குத் தலைமயிர் முதலாக உடல் மயிர் உதிர்ந்தமையை 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்டது. வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, குருதியணுக் குறைவு, உறுப்புகளின் செயலிழப்பு என நஞ்சின் வேலை படிப்படியாக நடைபெறும். மோரில் ஊறவைத்தல் நஞ்சை ஓரளவு குறைக்கலாம். எஞ்சியது எவ்வளவு என்பதனை அளவையின்றி அறிதல் இயலாது.

காந்தள் இன்று தமிழகத்தில் பணப்பயிராகவும் உள்ளது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் முள்கிளுவைக் கொம்புகளிலும் கம்பிகளிலும் கொடியைப் படரவிட்டு வளர்க்கின்றனர். மலரின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்றலின், உழவர் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தூவுகின்றனர். கிழங்கினும் விதையில் கோல்ச்சிசின் மிகுதி. ஆதலின் விதையே விலைபோவது. அது வெளிநாடுகளுக்குச் சென்று தூய மருந்தாக்கப்பட்டு, மில்லிகிராம் அளவில் மாத்திரையாகிறது. கபிலர் முதலில் வைத்து எண்ணிய மலர் நோயாளியின் துயர் தீர்ப்பது இவ்வழியாகவே அன்றி, வீட்டுக் கொல்லையில் அகழ்ந்த கிழங்கின் வழியாக அன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படும் முடிபுகள் இவை. வாதரத்தம் என்னும் நோயை இந்திய மருத்துவர் பண்டே நுணுகி அறிந்திருந்தனர். அதற்குச் சீந்தில், நீர்முள்ளி முதலிய தீங்கற்ற மூலிகைகளையும் உணவு நெறியையும் தலைமையாக விதித்தனர். சங்க இலக்கியம் காந்தளைத் தெய்வ மலராகவும் அழகின் உவமையாகவும் அறியும். இந்நோய்க்கு மருந்தாக அறிந்தமைக்கு அதன்கட் சான்று இல்லை. மருத்துவ நூல்கள் அதன் கிழங்கை நஞ்சாக அறிந்து பெரும்பாலும் புறமருந்தாகக் கையாண்டன. பிற்காலக் கூட்டு மருந்தொன்றில் மட்டும் வாதரத்தத் தொடர்பு புலப்படுகிறது. கோல்ச்சிக்கத்தை இந்நோயின் தனி மருந்தாக்கியவர் கிரேக்க, அரபு, ஐரோப்பிய மருத்துவர். அம்மருந்தையும் காந்தளையும் இணைத்தது 1915இன் வேதியியல்.

இம்முடிபுகளால் தமிழர் பெருமை குன்றாது. மலரைச் சூடி, கிழங்கை அஞ்சி, ஒன்றனை ஒன்றோடு மயக்காது வாழ்ந்தவர் அவர். எது மருந்து, எது நஞ்சு எனப் பகுத்தறிந்து, நஞ்சினை நஞ்சென்றே ஏட்டில் எழுதிவைத்தமை அவர்தம் பேரறிவாகும். அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் இட்டுப் போற்றுவதைவிட, அவர் சொன்ன எச்சரிக்கையைச் செவிமடுத்தலே நாம் அவர்க்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும். ஓலைச் சுவடிகளில் வாதசுரோணிதம் பற்றிய பகுதிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தலும், அவற்றிற் கண்ட மூலிகைப் பெயர்களைச் செடியியலார் துணைகொண்டு தெளிதலும் இனிச் செய்யவேண்டிய பணிகள். தமிழ் பயில்வோரும் மருத்துவம் பயில்வோரும் ஒருங்கிருந்து அப்பணியை மேற்கொள்வாராயின், பழைய ஏடுகள் இன்னும் பல உண்மைகளை நமக்கு உணர்த்தும்.